குந்துக்கல்லைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

கோட்பாட்டு இயற்பியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் வணக்கம். ஓய்வு பெற்றவர் சும்மாதானே இருப்பார், பிள்ளைகளுக்கு அனுபவத்தை எழுதித் தரட்டும் என்று உங்கள் துறைத் தலைவர் போனில் கேட்டார். சும்மா ஒன்றும் இல்லை, இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். சமன்பாடுகளைப் பற்றி எழுதப் போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட வேகமாகப் போடுவீர்கள். உங்களைவிட வேகமாகக் கணினி போட்டுவிடும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில், செஞ்சியில் ஒரு காலை நேரத்தில் நான் போட்ட கையெழுத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தக் கையெழுத்தால் ஒன்பது வீட்டுக்காரர்கள் செத்துப்போயிருக்கலாம். நல்லவேளை, யாரும் சாகவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதை மனசு லேசாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். துறையில் என்னைப் பற்றி ஏதேதோ சொல்லி வைத்திருப்பார்கள், பாதி பொய். நான் செஞ்சிக்காரி. எங்கள் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை முழுமையான மலைகளாக இருக்காது. வீடு அளவுப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். எங்கள் நைனா, அதாவது அப்பா, கல் உடைக்கும் வேலைக்குப் போனவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் என்னைப் படிக்க வைத்துவிட்டார்.

பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் கணக்குக்குக் கணக்கு ஒரு வரி வரும்: 'உராய்வைப் புறக்கணிக்கவும்.' ஒருநாள் அதை நைனாவிடம் படித்துக் காட்டினேன். உராய்வு என்றால் இன்னா என்று கேட்டார். கல்லும் கல்லும் ஒன்றையொன்று வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்வது என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அத்த வுட்டுட்டா நம்ம மலையெல்லாம் உருண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுமே? இன்னா புக்கு இது?"

என் ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விதான். என்கூடப் படித்தவர்கள் நட்சத்திரம், கருந்துளை, பிரபஞ்சத்தின் பிறப்பு என்று போனார்கள். நான் குவியல்களை எடுத்துக்கொண்டேன். மணல் குவியல், நெல் குவியல், பாறைக் குவியல். ஏன் சரிகிறது, ஏன் சரியாமல் நிற்கிறது? 'கல்லு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். கொத்தனார் வேலைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் மேடையிலேயே கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

என் யோசனை இவ்வளவுதான். ஒரு முக்காலியில் ஆள் உட்கார்ந்தால் எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்று கணக்கு சொல்லிவிடும். நான்கு கால் வந்துவிட்டால் கணக்கு கையை விரித்துவிடும். தரை எப்படி இருந்தது, எந்தக் காலை முதலில் வைத்தார்கள், நடுவில் யாராவது ஒரு காலுக்கு அட்டை மடித்துச் செருகினார்களா, இதெல்லாம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். பாறைக் குவியலும் அப்படித்தான். இன்றைக்கு அது நிற்கும் நிலையை மட்டும் அளந்து பயனில்லை. எப்படிக் குவிந்தது, பிறகு அதற்கு என்னென்ன நடந்தது என்று தெரிய வேண்டும். 'குவியலுக்கு ஞாபகம் உண்டு' என்று என் கட்டுரையில் எழுதினேன். சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். பிறகு தாங்களும் அதையே எழுத ஆரம்பித்தார்கள்.

என் ஆய்வு வழிகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரை எழுதினால் மேலே இருந்தே திட்டுவார், வேண்டாம். மாணவர்கள் கொண்டுபோகும் காகிதங்களை அவர் படிப்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்பார்: "இது தப்பா இருந்தா மொதல்ல யாருக்குத் தெரியும்?" பிரபஞ்சக்காரர்கள் "யாருக்கும் தெரியாது சார்" என்பார்கள். "அப்ப நிம்மதியாத் தூங்கு" என்று அனுப்பிவிடுவார். நான் முதல்முறை போனபோது, "எனக்குத்தான் சார் முதலில் தெரியும்" என்று பெருமையாகச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஒனக்குக் கடைசியாத்தாம்மா தெரியும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன்.

இனி குந்துக்கல்லுக்கு வருவோம்.

செஞ்சிக்கு வெளியே மலையடியில் ஒரு சின்னத் தெரு. ஒன்பது வீடுகள். அந்த வீடுகளின் முதுகுக்கு நேர் மேலே, சரிவில், ஒரு லாரி அளவில் ஒரு பாறை. ஆள் குந்தி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும், அதனால் குந்துக்கல். சின்ன வயதில் நைனாவுக்குச் சோற்றுத்தூக்கு எடுத்துக்கொண்டு நான் போகும் வழியில் அது இருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் "நல்லா குந்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

அந்த மழைக்காலத்தில் லீவில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன். மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் குந்துக்கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண் சரிந்தது. உடனே வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் வந்து ஒன்பது வீட்டுக்காரர்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். இளைஞர், பொறுப்பானவர். உள்ளூரில் பாறை ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருத்தர் வந்திருக்கிறார் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் மழை விட்டதும் ஜீப்பை அனுப்பினார். நிபுணர் குழு வர நான்கைந்து நாள் ஆகுமாம். அதுவரை ஜனங்களைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்திருப்பதா, வீட்டுக்கு விடுவதா என்று நான் எழுதித் தர வேண்டும்.

சொந்த ஊரில், சொந்த விஷயத்தில், ஜீப் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். எப்படி இருந்திருக்கும் எனக்கு? தலை கால் புரியவில்லை.

மேலே ஏறிப் பாறையைச் சுற்றிப் பார்த்தேன். அது அடியில் எங்கெங்கே தொட்டு நிற்கிறது என்று எண்ணினேன். மூன்று இடம். மூன்று! எனக்கு வாயெல்லாம் பல். முக்காலி என்றால் கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா? டேப்பால் அளந்தேன், நோட்டில் படம் போட்டேன். பாறையின் பாரம் மூன்று கால்களுக்கும் நடுவில்தான் இறங்கியது. எல்லாம் கச்சிதம். பத்து மணிக்கு அதிகாரியின் ஜீப் பானெட்டின்மேல் காகிதத்தை வைத்துக் கடிதம் எழுதினேன்: பாறை மூன்று உறுதியான இடங்களில் தாங்கி நிற்கிறது, பல நூறு மழைக்காலங்களைப் பார்த்த நிலை இது, மக்கள் வீடு திரும்பலாம். கையெழுத்து. கீழே என் பட்டங்கள் அத்தனையும்.

தப்பு எங்கே என்று பார்த்தீர்களா? வாழ்நாள் முழுவதும் 'பாறைக்கு என்ன நடந்தது என்று விசாரி' என்று ஊருக்கு உபதேசம் செய்தவள், அன்றைக்கு ஒருவரையும் விசாரிக்கவில்லை. எதற்கு விசாரிக்க வேண்டும்? நான் பிறந்ததிலிருந்து பார்த்த கல் ஆயிற்றே! நான் ஊரைவிட்டுப் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது என்பது நினைவுக்கே வரவில்லை.

பதினோரு மணிக்குள் ஜனங்கள் வீடு திரும்பிவிட்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி மட்டும் என்னை விடவில்லை. அஞ்சலை. ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார், மகள் வெளியூரில். குந்துக்கல்லுக்கு நேர் கீழே இருக்கும் வீடு அவளுடையது. "எங்க வூட்ல டீ குடிக்காம போவக்கூடாதுக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

வீட்டுக்குள் ஈரம். பின்பக்கம் சமையலறையை ஒட்டிக் கிடந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாயசம் மாதிரி அவ்வளவு சர்க்கரை. பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "கல்லு நல்லா அகலமா இருக்குதே, எங்க வாங்கின?" என்று கேட்டேன்.

"இதையா? வாங்கலக்கா. மேல குந்துக்கல்லுக்கு அடியில சொருகிக்கினு இருந்துச்சி. நான் கண்ணாலம் ஆயி வந்த புதுசுல, துவைக்கக் கல்லு இல்லன்னேன். எங்க வூட்டுக்காரு கடப்பாறைய போட்டு இழுத்தாந்தாரு. ரெண்டு நாள் வேல."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இழுக்கும்போது மேல இருக்கற கல்லு ஏதாச்சும் அசைஞ்சிச்சா?"

"கிர்ர்ர்னு ஒரு சத்தம் போட்டு இந்தப் பக்கமா கொஞ்சூண்டு சாஞ்சி குந்திக்கிச்சாம். அந்த மனுசன் பயந்துபோயி ஓடியாந்துட்டாரு. அத்த சொல்லிச் சொல்லி சிரிப்பாரு." அவளும் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இன்னாக்கா? ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட?"

நான் உட்கார்ந்திருந்தது நாலாவது காலின்மேல்.

பல நூறு மழை பார்த்த நிலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனே, அந்த நிலைக்கு வயது அஞ்சலையின் கல்யாணத்தின் வயதுதான். முன்பு குந்துக்கல் வேறு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆப்பை உருவியதும் சாய்ந்து, பக்கத்தில் கிடைத்த எதன்மேலோ போய்த் தாங்கிக்கொண்டது. நான் 'உறுதியான மூன்றாவது கால்' என்று எழுதியது மலைப்பாறையா, மண்ணில் கிடக்கும் தனிக் கல்லா? எனக்குத் தெரியாது. பார்த்தபோது உறுதியாகத்தான் தெரிந்தது. இந்த மூன்று நாள் மழை அதன் அடியில் என்ன செய்து வைத்திருக்கிறதோ, அதுவும் தெரியாது.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுதான். பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ஒருவேளை இது நடந்திருந்தும் என் விடை சரியாகவே இருக்கலாமே? மறுபடி போட்டுப் பார்ப்போம், ஒரு மணி நேரம் போதும், அதற்குள் எதற்கு எல்லோரையும் கலவரப்படுத்துவது என்று மனசு சொன்னது. இரண்டு கோடு போட்டேன். மூன்றாவது கோட்டுக்குக் கை வரவில்லை. அடுப்பில் அஞ்சலை உலை வைக்கும் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே, சரிவில், அந்தக் கல்.

எதற்காக இந்தக் கணக்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கல்லுக்காகவா? என் முகத்துக்காக. பத்து மணிக்கு எழுதியதைப் பன்னிரண்டு மணிக்குத் தப்பு என்று சொல்லும் அவமானத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடத்தான். கல் விழும் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. விழாது என்று நான் சொன்னதற்கு இருந்த காரணம் போய்விட்டது. அது ஒன்றே போதும். நோட்டை மூடி எழுந்தேன். "அடுப்பை அணைச்சிட்டு வெளிய வா" என்று அஞ்சலையிடம் சொன்னேன்.

அதிகாரி தெருமுனையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம், உங்க லெட்டர மேலே அனுப்பிட்டேன். காலையில ஒண்ணு சொல்றீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எதை நான் நம்பறது?"

"ரெண்டாவதை நம்புங்க" என்றேன். "மொதல் லெட்டர் எழுதும்போது நான் யாரையும் கேக்கல. இப்ப கேட்டுட்டேன்."

அவருடைய பேனாவையே வாங்கி இரண்டாவது கடிதத்தை எழுதினேன். மூன்றே வரி. 'என் முந்தைய கடிதம் தவறு. பாறையின் அடியில் முன்பு நடந்த மாற்றத்தை விசாரிக்காமல் எழுதிவிட்டேன். மக்கள் உடனே வெளியேற வேண்டும்.' இந்த முறை பட்டங்களைப் போடவில்லை.

ஜனங்கள் கிளம்பவில்லை. எப்படிக் கிளம்புவார்கள்? அப்போதுதான் வீட்டைக் கழுவி, அடுப்பு மூட்டியிருந்தார்கள். முருகேசன் என்று ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர், என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா, வெளையாட்டா ஒனக்கு? புள்ளைங்கள தூக்கிக்கினு போறதும் வர்றதும்தான் எங்களுக்கு வேலையா? போன்னா போவணும், வான்னா வரணுமா? நாங்க நகரமாட்டோம், போ."

அவருக்கு நான்காவது காலைப் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் கடுத்தது. அறிவியல் அன்றைக்கு ஒரு பைசாவுக்கு உதவவில்லை. அஞ்சலை சொன்னதை அவள் அனுமதி இல்லாமல் சபையில் போட்டு உடைக்கவும் மனசு வரவில்லை. செத்துப்போன மனிதர்மேல் தெருவே பழி போடுமே என்ற தயக்கம்.

அஞ்சலை என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"முருகேசா, அக்காவ திட்டாத. அந்தக் கல்லுக்கு முட்டு குடுத்துக்கினு இருந்த கல்ல எடுத்தாந்தது எங்க வூட்டுக்காரு. நான் கேட்டேன்னுதான் எடுத்தாந்தாரு. அதுலதான் இத்தினி வருசமா நான் துணி தொவைக்கிறேன். பழி சொல்றதுன்னா என்னச் சொல்லுங்க. ஆனா மொதல்ல புள்ளைங்கள எட்துக்கினு வெளிய வாங்க."

முருகேசன் தலையைச் சொறிந்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, கடைசி வீட்டுப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"நானும் ஒண்ணு எட்த்தேன். வாசப்படிக்கு."

"எங்க நைனா அம்மிக்கு ஒண்ணு எட்தாந்தாரு" என்றார் முருகேசன், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாட்டுக் கொட்டகைக்கு, கழிவறைப் படிக்கு, கோயில் விளக்குமேடைக்கு. ஒன்பது வீட்டில் ஏழு வீட்டில் குந்துக்கல்லின் அடியிலிருந்து ஏதோ ஒன்று வந்திருந்தது. நான் உலகம் முழுக்கப் போய்ப் பேசிய அந்த 'குவியலின் ஞாபகம்' அம்மியாகவும் வாசப்படியாகவும் என் முன்னாலேயே கிடந்தது. காலையில் அத்தனை வாசப்படியையும் மிதித்துக்கொண்டுதான் மேலே ஏறினேன்.

ஒன்றரை மணிக்குத் தெரு காலி.

அன்றைக்குக் கல் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. வெயில் வேறு அடித்துத் தொலைத்தது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதெல்லாம் பெண்கள் கேலி செய்தார்கள். "யக்கா, கல்லு லீவ்ல போயிருக்குதா?" "ஒன்கிட்ட சொல்லிட்டுத்தான் வுழுமா?" நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் குமைந்தேன். இரண்டு கடிதமும் தப்பாகப் போனால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அப்புறம் என்னை நானே திட்டிக்கொண்டேன். கல் விழாமல் போனால் எனக்குத்தான் அவமானம், விழுந்தால் அவர்களுக்கு வீடே போய்விடும். இதில் எதற்கு ஆசைப்படுகிறாய், கிழவி? விழாதே, நல்லா குந்திக்கோ என்று மனசார வேண்டிக்கொண்டேன். அந்தக் கேலியைக் காலம் முழுக்க வாங்கிக்கொள்ளத் தயாரானேன்.

மூன்றாம் நாள் மறுபடி மழை. மத்தியானம், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். இடி மாதிரி கேட்டது, ஆனால் இடி இல்லை. தரை வழியாக வந்தது. இலையில் கை அப்படியே நின்றது. அதிகாரிதான் முதலில் எழுந்து ஓடினார்.

குந்துக்கல் இறங்கியிருந்தது. வெகுதூரம் வரவில்லை. சரிவில் வழுக்கி வந்து, அஞ்சலையின் சமையலறைச் சுவரைத் தள்ளி உள்ளே புகுந்து, பாதி உடம்பு வீட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுவிட்டது. மற்ற எட்டு வீட்டிலும் ஒரு ஓடுகூட உடையவில்லை. அதன் அடியில் துவைக்கிற கல்லின் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கல்தான் முட்டுக் கொடுத்து நிறுத்தியது என்று தெருவில் எல்லோரும் இன்றுவரை சொல்கிறார்கள். என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். நான் கணக்குப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

கயிறு கட்டித் தடுத்திருந்த இடத்தில் நின்று அஞ்சலை தன் சமையலறையைப் பார்த்தாள். அவள் தினமும் சோறு வடிக்கும் நேரம் அது. கேஸ் அடுப்பு தகடாகக் கிடந்தது. சுவர் இருந்த இடத்தில் கல். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, என் அடுப்பு போச்சி. நான் இருக்கறன்."

அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். அறுபதை நெருங்குகிற பேராசிரியை, கொட்டும் மழையில், குடையை எங்கேயோ போட்டுவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். முருகேசன் வந்து எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் பிடித்தார். அப்படி ஒரு நிம்மதி என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இப்போது அந்த ஒன்பது குடும்பமும் அவலூர்பேட்டை சாலைப் பக்கம் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அதிகாரி மாற்றலாகிப் போவதற்கு முன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். முதல் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடவா என்று தயக்கத்தோடு கேட்டார், என் பெயர் கெடக்கூடாது என்று. நல்ல மனசு. வேண்டாம், இரண்டையும் சேர்த்துத் தைத்து வையுங்கள் என்றேன். முதல் கடிதம் இல்லாமல் இரண்டாவது கடிதம் யாருக்கும் புரியாது.

இது தப்பாக இருந்தால் முதலில் யாருக்குத் தெரியும் என்று என் வழிகாட்டி கேட்டாரே, அதற்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. அஞ்சலைக்கு. சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது தெரிந்திருக்கும். எனக்குத் தங்கை வீட்டில், யாராவது போன் செய்த பிறகு தெரிந்திருக்கும். கடைசியாகத்தான். அவர் சரியாகத்தான் சொன்னார்.

உங்களுக்கும் ஒருநாள் ஜீப் வரும். எதிலாவது கையெழுத்துப் போடச் சொல்வார்கள். கணக்கு கச்சிதமாக வந்திருக்கும், வாயெல்லாம் பல்லாக இருக்கும். அந்தக் கல்லுக்குக் கீழே குடியிருப்பது யார் என்று முதலில் தேடிப் பிடியுங்கள். அவர் வீட்டுக்குப் போய், பின்பக்கம் உட்கார்ந்து, கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். நானும் அந்த டீயைக் குடித்தேன், ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு குடித்தேன். நீங்கள் அதற்கு முன்னாலேயே குடித்துவிடுங்கள்.